ஈசான மூலைக் கல்

எங்கள் பேட்டைக்கு மேற்கே சிக்ககெரே என்று ஓர் ஏரி இருந்தது, அதைக் காக்க ஒரு கமிட்டியும் இருந்தது என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்பப் போவதில்லை. போன வாரம் எதிராத்து செலுவம்பா ஒரு தட்டு மைசூர்பாகு கொண்டுவந்தாள். ஏரியை மூடிப் போட்டிருக்கிற புது எக்ஸ்டென்ஷனில் அவள் பிள்ளைக்கு சைட் கிடைத்திருக்கிறதாம். "உங்காத்து மாமாதானே ஜயம்மா, அந்தக் காலத்துலே அந்தக் கெரேயைப் பார்த்துண்டிருந்தார்?" என்று வேறு கேட்டு வைத்தாள். என் அகத்துக்காரர் எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டோடு கொண்டுபோய்க் கொல்லையில் காக்கைக்குக் கொட்டினேன். பூமா இருந்திருந்தால் பண்டத்தை வீணாக்குகிறேன் என்று என்னைப் பிடிபிடியென்று பிடித்திருப்பாள். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது.

பூமா என் நாத்தனார். மேல்கோட்டையில் வாழ்க்கைப்பட்டு, பதினாறு வயதில் தாலியறுத்துவிட்டு, அண்ணா அகத்துக்கே திரும்பி வந்தவள். நான் மணப்பெண்ணாக இந்த அகத்துக்குள் கால் வைத்தபோதே அவள் தளிகை உள்ளில், அடுப்படியில், நார்மடியும் மொட்டைத்தலையுமாக நின்றுகொண்டிருந்தாள். முப்பது வருஷம் அங்கேயேதான் நின்றாள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவாள். அடுப்புக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொள்வாள். அவளுடைய சொத்து ஒரு மரப்பெட்டி, அதுவும் பரணில். வாய் மட்டும் யாருக்கும் அடங்காது. "மன்னி, நான் செத்தாக்கூட என்னையும் அந்தப் பரண் மேலேயே ஏத்தி வெச்சுடுவேள், இல்லையா? தேவைப்படறப்போ இறக்கிக்கலாம்" என்பாள். நான் சிரிப்பேன். சிரித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன், ஏனென்றால் அவள் சொன்னது முழுக்கப் பொய்யில்லை.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். அவளுடைய மைத்துனர் செலுவநாராயணனுக்கு வயதான காலத்தில் மனசு இரங்கியது. மேல்கோட்டையில் அவள் புருஷன் பங்கு நிலத்தை விற்று, பணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டார். பூமா யாரையும் கேட்கவில்லை. சிக்ககெரே ஓரமாக ஒரு சைட் வாங்கிவிட்டு வந்துதான் சொன்னாள்.

"ரெண்டு உள்ளு போறும் மன்னி. கொல்லைக் கதவைத் திறந்தா தண்ணி. விடியறதுக்கு முன்னாடி ஸ்நானம் பண்ணி, மடியா ஒரு குடம் கொண்டுவந்துடுவேன். நகருங்கோன்னு ஒருத்தர்கிட்டேயும் சொல்ல வேணாம். ஒருத்தரும் என்னை நகருன்னு சொல்லவும் வேணாம்."

அவள் கேட்டது அவ்வளவுதான். நாற்பத்தாறு வயதில், தன்னை யாரும் நகரச் சொல்லாத ஓர் இடம்.

இப்போது அந்தக் கமிட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரிக்கரை ஓரமாக யார் வீடு கட்டினாலும், ஒரு சமையலறையை நீட்டினாலும், ஒரு கக்கூஸ் குழி தோண்டினாலும் கமிட்டி வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். கோரை மண்டிக் கிடந்த சேற்று நிலத்தைச் சுற்றி வரிசையாகக் கல் நட்டிருந்தார்கள். கல்லுக்கு உள்பக்கம் சுவர் கூடாது, மண் கொட்டக் கூடாது. மழைத் தண்ணீர் பரவி நிற்க அந்தச் சேறு வேண்டும், இல்லாவிட்டால் கரை தாங்காது. கீழே இருக்கிற வயலும் குடிசைகளும் போய்விடும். கீழே நிலம் வைத்திருந்த சித்தையன் என்ற குடியானவர் கமிட்டியில் இருந்தார், பேட்டைப் பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அளந்து பார்த்து எழுத வேண்டிய ஓவர்சியர் என் அகத்துக்காரர் நரசிம்மமூர்த்தி.

அந்த விஷயத்தில் அவர் ஈவு இரக்கம் பார்த்ததில்லை. ராமாபுரத்திலிருந்து பிழைக்க வந்த கொத்தன் முனிராஜும் அவன் பெண்டாட்டி அஞ்சலையும் ஏரிக்கரைக் குடிசையில் இருந்தார்கள். அஞ்சலை பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது மழைக்கு ஒதுங்க ஒரு மண் அடுப்பங்கரையைக் கல்லுக்கு உள்பக்கம் எழுப்பிவிட்டார்கள். இவர் போய், மறுநாளே எடுத்துவிடச் சொல்லிவிட்டு வந்தார். முனிராஜ் தன் கையாலேயே இடித்துப் போட்டான். அன்று இரவு நான் இவரோடு பேசவில்லை.

பூமாவின் சைட்டை அளக்கும் முறை வந்தது. அப்போதாவது இந்த மனிதர் போயிருக்கலாமே! "தங்கை வீட்டை நானே அளந்து நானே சரின்னு எழுதினா நன்னாவா இருக்கும்?" என்று நியாயம் பேசி, ஆபீஸில் இன்னொருவரை அனுப்பச் சொன்னார். வந்தவன் எங்கள் அகத்தில் காபி குடித்தான், சைட்டை விற்றவனோடு தோளில் கை போட்டுக்கொண்டு ஏரிப்பக்கம் போனான், எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனான். விற்றவன் ஒரு கல்லைப் பிடுங்கிக் கோரைக்குள் உருட்டிவிட்டிருக்கிறான் என்று அப்போது எங்களுக்கு எங்கே தெரியும்?

பூமி பூஜைக்கு வைகாசியில் நாள் பார்த்தோம். நிலம் பூமாவுடையது, ஆனால் கைம்பெண் மணையில் உட்காரக் கூடாதே. நானும் இவரும்தான் உட்கார்ந்தோம். அவள் சாஸ்திரிகள் கண்ணில் படாமல் தூரத்தில் ஒரு புங்க மரத்துக்குப் பின்னால் நின்றாள். தன் வீட்டுக்குத் தோண்டுகிற முதல் குழியை அவள் அங்கிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள்.

"ஈசான மூலைக்கு நல்ல கல்லா ஒண்ணு கொண்டா" என்றார் சாஸ்திரிகள். முனிராஜ் கையைப் பிசைந்தான்.

"கல்லு வண்டி இன்னும் வரலீங்க சாமி. செத்த இருங்க, வாரேன்."

முகூர்த்தம் தப்பிவிடப் போகிறதே என்று நாங்கள் எல்லாரும் பதற, அவன் ஓடிப்போய்க் கோரைக்குள்ளிருந்து ஒரு கல்லைத் தோளில் சுமந்து வந்தான். நன்றாகக் கொத்தின கருங்கல், மேலெல்லாம் சேறு அப்பியிருந்தது. "தண்ணியிலே கிடந்த கல்லு, விசேஷம்" என்றார் சாஸ்திரிகள். அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பால் விட்டோம். இவரே தன் இரண்டு கையாலும் பிடித்து மூலையில் இறக்கினார். முகூர்த்த வேளையில் யார் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்?

சுவர் மளமளவென்று எழும்பியது. பூமா தினம் தளிகை முடித்துவிட்டு அங்கே ஓடிவிடுவாள். "இனிமே என் ஆத்துக்கு வரணும்னா முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கோ மன்னி. சும்னே, சொல்லாம வந்து நின்னா சோறு கிடைக்காது" என்று என்னைச் சீண்டுவாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. ஓடு போட்டாயிற்று. ஆவணியில் கிரகப்பிரவேசம் என்று முடிவாயிற்று.

ஆடியில் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஒரு நாள் பூமா நனைந்துகொண்டே ஓடி வந்து, "அண்ணா, சீக்கிரம் வா! மன்னி, நீங்களும் வாங்கோ!" என்று எங்களை இழுத்துக்கொண்டு போனாள். மழை மூலைக் கல்லின் மேல் இருந்த சேற்றையும் பூச்சையும் கரைத்துவிட்டிருந்தது. கல்லில் எழுத்து தெரிந்தது. பூமாவுக்கு எந்த மொழியிலும் எழுத்து வாசிக்கத் தெரியாது.

"ஏதோ பழைய கோயில் கல்லுதான் போலிருக்கு. ஸ்வாமி பேர் எழுதியிருக்கு பாரு அண்ணா. எந்தப் பெருமாள்னு வாசிச்சுச் சொல்லேன்!"

கல்லுக்குக் கோலம் போட்டு, ஒரு செம்பருத்திப் பூவும் சாத்தியிருந்தாள். இவர் குனிந்து பார்த்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. கன்னடத்தில் ஏரியின் பெயரும், அதன் கீழே கல்லின் எண்ணும் வெட்டியிருந்தன. அவர் தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு என்னோடு திரும்பிவிட்டார். வழியில்தான் எனக்குச் சொன்னார். காணாமல் போன கல்லின் இடத்தைச் சேர்த்துப் பார்த்தால் பூமாவின் வீடு முழுக்கக் கல்லுக்கு உள்பக்கம் இருந்தது.

"சுண்ணாம்பைப் பூசிடச் சொல்லுங்கோ. யாரும் பார்க்கலை" என்றேன்.

"அஞ்சலை அடுப்பை எடுக்கச் சொன்னேனே, ஜயம்."

"சொன்னேள். அந்தப் பாவம்தான் இப்போ இவ தலையிலே விடியறதா? உங்க நியாயத்துக்கு எப்பவும் ஏழையும் பொம்மனாட்டியும்தான் கிடைப்பாளா?"

மூன்று நாள் அவர் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துபோனார். மூன்று நாளும் ஏரிக்கரையில் குடையோடு நின்றார். தண்ணீர் கோரையெல்லாம் மூடி, பூமாவின் கொல்லைச் சுவரில் மோதித் திரும்பிக் கரைப்பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. நான்காம் நாள் கமிட்டியைக் கூப்பிட்டு அவரே சொல்லிவிட்டார்.

சித்தையன் நல்ல மனிதர். அவர் வயல்தான் முதலில் போகும், இருந்தும் அவர் வாயிலிருந்து "இடி" என்ற வார்த்தை வரவில்லை. பூமா அவ்வாவுக்கு வேறே இடம் கொடுக்கச் சொல்லி ஆபீஸுக்கு எழுதலாம் என்று கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். எழுதினார்கள். அப்படிக் கொடுக்க வழியில்லை என்று பதில் வந்தது. விற்றவன் ஊரிலேயே இல்லை. மழை ஓய்ந்ததும் வீட்டை எடுத்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று.

இவர் பூமாவிடம் போய்ச் சொன்னார். நானும் பக்கத்தில் இருந்தேன். அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ அது ஸ்வாமி பேர் இல்லையா, அண்ணா?" என்றாள்.

"இல்லை பூமா."

"நான் தினம் சேவிச்சுண்டிருந்தேனே" என்றாள்.

பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "ஒரு வேளை அங்கே தளிகை பண்ணிப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிட்டு, உங்க ரெண்டு பேருக்கும் பரிமாறிடறேன். அப்புறம் என்ன வேணும்னாலும் பண்ணிக்கோங்கோ."

ஆவணியில் கிரகப்பிரவேசத்துக்கென்று பார்த்த நாளிலேயே செய்தாள். விடியற்காலையில் பரணிலிருந்து மரப்பெட்டியை இறக்கச் சொல்லி முனிராஜிடம் கொடுத்தனுப்பினாள். "ஒரு நாளாவது அது என் ஆத்திலே இருக்கட்டும்" என்றாள். நாங்கள் போனபோது வாசலில் கோலம் இருந்தது. அவளே வாசலுக்கு வந்து, "வாங்கோ மன்னி, வா அண்ணா, கால் அலம்பிக்கோங்கோ" என்றாள். கொல்லைக் கதவு திறந்திருந்தது, அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர்தான் தெரிந்தது. இலை போட்டாள். கறமுது, சாத்தமுது, திருக்கண்ணமுது எல்லாம் பண்ணியிருந்தாள். முப்பது வருஷமாக அவள் கையால்தான் சாப்பிட்டோம், ஆனால் அவள் அகத்தில் அன்றைக்குத்தான் சாப்பிட்டோம். இவருக்குக் கண்ணீர் பொலபொலவென்று இலையில் விழுந்தது.

"அழாதே அண்ணா. இன்னிக்கு என் ஆத்திலே யாரும் அழக் கூடாது" என்று அதட்டிவிட்டு, இன்னொரு கரண்டி சாத்தமுது விட்டாள். "ருசி எப்படி இருக்கு, அதைச் சொல்லு."

"நன்னா இருக்கு" என்றார் இவர்.

சாப்பாடு முடிந்ததும் அவள் எங்களைப் போகச் சொல்லிவிட்டாள். இடிக்க வெளியாள் வேண்டாம், முனிராஜே போதும் என்றும் சொல்லிவிட்டாள். வெளியே கடப்பாரையோடு அவன் நின்றுகொண்டிருந்தான். அவன் கண் சிவந்திருந்தது. "அம்மணி, எங்க அடுப்பங்கரை போனப்போ ஐயா மேலே எனக்குக் கோவம்தானுங்க. ஆனா இப்படி ஆகோணும்னு நான் நெனைக்கலீங்க, சத்தியமா நெனைக்கலீங்க" என்றான். அவனை நான் என்ன சொல்ல? அவன் எழுப்பின சுவரை அவன்தான் இறக்க வேண்டும். ஓடுகளை உடையாமல் ஒவ்வொன்றாக இறக்குவதாகச் சொன்னான்.

அகத்துக்கு வந்து இவர் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நான் விளக்கேற்றவில்லை. தளிகை உள்ளுக்குள் போகவும் எனக்கு மனசு வரவில்லை, அங்கே அவள் இல்லாத வெறுமை என்னைக் கொன்றது.

பொழுது சாய்கிற வேளையில் வாசலில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். முனிராஜ் மரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றான். பின்னால் பூமா. நார்மடியெல்லாம் சுண்ணாம்புத் தூசி. முப்பது வருஷமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை உள்ளும் வெளியுமாக நடந்தவள், அன்று வாசற்படிக்குக் கீழே, மண்ணில் நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"மன்னி, உள்ளே வரட்டுமா?"

"என்னடி கேள்வி இது, பாவி!" என்று கத்த வாயெடுத்தேன். கூடத்தில் இவர் தலையில் அடித்துக்கொள்வது கேட்டது. நான் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை, அவசரப்படவும் இல்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு "வா" என்று சொல்கிற வரைக்கும் அவள் படியேறாமல் அங்கேயே நின்றாள்.