எட்டுக் குட்டிகளுக்கு ராத்தா சொன்ன கஞ்சி

கால்நடை அலுவலகத்தில் முதல் வேலை கிடைத்தபோது, மாடும் ஆடும் கோழியும்தான் என் பொறுப்பு என்று நினைத்திருந்தேன். சாய்ந்தமருதில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த எனக்குப் பன்றியைப் பாடப்புத்தகத்தில் பார்த்ததோடு சரி. தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஒரு மாரிகாலம், நற்பிட்டிமுனையிலிருந்து ஒரு அக்கா வந்தார். தாய்ப்பன்றிக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டதாம். பிறந்து மூன்று கிழமையான குட்டிகள் ஒன்பதும் பசியில் கத்துகின்றன என்றார். அன்று அலுவலகத்தில் இருந்தது நான் மட்டும். சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

வேலிக்கு வெளியே நின்றே பார்த்தேன். கொட்டிலின் தரை முழுக்க ஈரம். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்து நடுங்கிக்கொண்டிருந்தன.

“முதல்ல காய்ஞ்ச இடம் வேணும் அக்கா. பலகை ஏதும் இரிக்கா?”

அவர் சற்று யோசித்துவிட்டு வீட்டுக்குள் போனார். குசினிக் கதவைக் கழற்றித் தலையில் சுமந்து வந்தார். நான் சொல்லச் சொல்ல, செங்கல் அடுக்கி அதன்மேல் கதவைச் சரிவாகப் போட்டார். மூத்திரம் வழிந்தோடட்டும் என்று. காற்றடிக்கும் பக்கம் சாக்கைத் தொங்கவிட்டு, கதவின்மேல் வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பினார். உள்ளே புகுந்ததும் குட்டிகளின் நடுக்கம் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தீனியில்தான் பிழைவிட்டேன். பால்மாவைக் கெட்டியாகக் கரைத்து வயிறு நிறைய வைக்கச் சொன்னேன். குட்டிகள் சட்டிக்குள் இறங்கி நின்று குடித்தன. மறுநாள் எல்லாவற்றுக்கும் கழிச்சல். ஒன்று செத்துக் கிடந்தது.

“நீங்க சொன்னபடிதான் வச்சன் தம்பி,” என்றார் அக்கா. திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

மருந்து கொடுத்துவிட்டு முகம் வாடி வீட்டுக்கு வந்தேன். என்கூடப் பிறந்த மூத்தவர், ராத்தா, அடுப்படியில் கஞ்சிக்கு அரிசி வறுத்துக்கொண்டிருந்தார். பால் மறக்கவைத்த அவருடைய மகனுக்கும் அந்த நாட்களில் வயிறு சரியில்லை.

“இதை எப்படிக் காய்ச்சுற ராத்தா?”

“உனக்கென்ன திடீரெண்டு? ஆருட புள்ளைக்கு?”

உள்ளதைச் சொன்னேன். ராத்தா அகப்பையும் கையுமாக என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“என்ட மகன்ட கஞ்சிய அதுகளுக்கா குடுக்கப் போறாய்?”

“கஞ்சி வேணாம். விதத்தை மட்டும் சொல்லுங்க.”

“அரிசியச் செவக்க வறுத்து இடிச்சு, தண்ணியாக் காய்ச்சி, உப்புக் கொஞ்சம் போடு. வயிறு முட்டக் குடுக்கப்படாது. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடுக்கணும்.”

சிறிது சிறிதாக, பல தடவை என்று என் புத்தகத்திலும் இருந்தது. நான்தான் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

விடிந்ததும் போய்ச் சொன்னேன். அக்கா குறுணல் அரிசியை வறுத்து இடித்துக் காய்ச்சினார். சட்டிக்கு நடுவில் ஒரு கல்லை வைத்தார். இறங்க இடமில்லாமல் குட்டிகள் சுற்றி நின்று குடித்தன. ஒரு நாளைக்கு ஆறு தடவை. மூன்றாம் நாள் கழிச்சல் நின்றது. பிறகு நெத்தலிக் கருவாட்டை இடித்துச் சேர்த்தோம். அந்த மணத்துக்கு எட்டும் கதவிலிருந்து குதித்து ஓடிவரும். அப்படி ஓடிவந்த ஒன்று ஒருநாள் வேலிக்குக் கீழால் நுழைந்து வாய்க்காலில் விழுந்தது. யோசிக்க நேரமில்லை, இரண்டு கையாலும் தூக்கிவிட்டேன்.

“நில்லுங்க தம்பி. ஏழு தரம் கழுவணும், அதில ஒருக்கா மண்ணோட. உங்கட ஆக்கள்ட முறை எனக்குத் தெரியும்.”

அக்கா வாளியையும் மண்ணையும் கொண்டுவந்து, எண்ணி எண்ணித் தண்ணீர் ஊற்றினார். ஆறாவதில் எண்ணிக்கை தடுமாற, முதலிலிருந்து தொடங்கினார். நானும் மறுபடி கையை நீட்டினேன்.

அடுத்த கிழமை, “கஞ்சி சொல்லித்தந்த ராத்தாவுக்கு” என்று ஒரு சீப்பு வாழைப்பழம் தந்தார். ராத்தா அதில் ஒன்றை உரித்து மகனுக்கு ஊட்டியபடி கேட்டார்.

“இப்ப என்ன தின்னுதுகள்?”

“கஞ்சியோட கொஞ்சம் தவிடும் புண்ணாக்கும்.”

“தவிட்ட கனக்கக் குடுத்திராத,” என்றார் ராத்தா.