பேசாத பேச்சுக்கு வந்த பதில்

மாத்தளையில் நடந்த கருத்தரங்குகளில் பாதிக்கு மேல் நான்தான் தலைமை வகித்தேன். நான் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். குரல் கணீரென்று இருக்கும், கூப்பிட்டால் வருவேன். வறுமை, காணி உரிமை, போசாக்கு என்று எந்தத் தலைப்பைத் தந்தாலும் முக்கால் மணி நேரம் பேசுவேன். அந்தக் கருத்தரங்குகளில் ஒன்றைப் பற்றி மட்டும் உள்ளது உள்ளபடி எழுதிவிட வேண்டும்.

"பெருந்தோட்ட மக்களும் பொதுப் போக்குவரத்துக் கொள்கையும்" என்பது தலைப்பு. இரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் பக்கம், ஒரு தோட்டத்துக்கு ஓடிய காலை பஸ்ஸை நிறுத்தியிருந்தார்கள். அங்கே கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணைப் பேச அழைத்திருந்தோம். அவருடைய மகள் இரத்தோட்டைப் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். பஸ் இல்லாததால் விடியுமுன் எழுந்து ஆறு மைல் இறங்கி நடந்தாள். இப்படியே போனால் படிப்பு நின்றுவிடும் என்று தாய்க்குப் பயம். போக்குவரத்து அதிகாரி மேடையில் இருப்பார் என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கூட்டம் சனிக்கிழமை. ஞாயிறு பத்திரிகையின் எங்கள் ஊர்ப் பக்கம் வெள்ளியே முடிந்துவிடும். ஆகவே கூட்டத்தின் செய்தியைக் கூட்டத்துக்கு முன்பே எழுதி அனுப்பிவிடுவோம். மண்டபம் நிரம்பி வழிந்தது என்று எழுதிய பிறகுதான் மண்டபத்தையே திறப்போம். அந்தப் பெண்ணின் பேச்சையும் நானே எழுதினேன். "எமது மக்களுக்கு முதலில் தேவை விழிப்புணர்வே, அதற்கான விரிவுரைகளை எமது தோட்டத்திலேயே நடத்துங்கள் எனக் கண்ணீர் மல்கக் கேட்டுக்கொண்டார்." கண்ணீரும் நான் சேர்த்ததுதான்.

குத்துவிளக்கு அணையாமல் இருக்க மின்விசிறிகளை நிறுத்தினோம். வியர்த்து வழிந்த அதிகாரிக்கு நான்கு சங்கங்கள் தனித்தனியாகப் பொன்னாடை போர்த்தின. தமிழ் தெரியாத அந்த மனிதர் நிகழ்ச்சி நிரலால் விசிறிக்கொண்டே தலையாட்டினார். பிறகு பஸ் சமூக சேவையா, பொருளாதார முதலீடா என்று மூவர் விவாதித்தார்கள். பஸ் எப்போது வரும் என்பது தலைப்பில் இல்லை.

இரண்டரை மணிக்கு அந்தப் பெண் மேடையோரம் வந்தார்.

"சேர், மூணு மணி பஸ்ஸ விட்டா எனக்கு வேற பஸ் இல்லைங்க. அந்த ஆபீசர் மாத்தையாகிட்ட ரெண்டு வார்த்த சொல்லிட்டு ஓடிர்றேன்."

"இருங்கம்மா, ஒரு ஒழுங்கு இருக்கு. இப்ப வாழ்த்துரை நடக்குது."

"இன்னும் எத்தன வாழ்த்துரைங்க?"

"மூணு. அப்புறம் என்னோட தலைமையுரை. அதுக்குப் பிறகு நீங்கதான்."

"யாரைங்க வாழ்த்துறாங்க?"

"உங்க மக்களைத்தான்."

அவர் போய் உட்கார்ந்தார். வாழ்த்துரைகளைச் சுருக்கி என்னை அழைத்தார்கள். எளிய மக்களின் குரல் ஏன் மேடைக்கு வருவதில்லை என்று நான் பேசிக்கொண்டிருந்தபோது அவர் எழுந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே போனார். நான் பார்த்தேன். பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தவில்லை.

அவருக்கென்று வாங்கிய பொன்னாடையையும் அதிகாரிக்கே போர்த்தினார்கள். நன்றியுரையும் முன்பே எழுதியதுதான், ஆகவே அவருடைய உருக்கமான பேச்சுக்கு நன்றி சொன்னார்கள். சபை கைதட்டியது. முன்வரிசையில் ஒரு கடைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம், "அந்தப் புள்ள எப்பய்யா பேசிச்சு? நான் தூங்கிட்டேனா?" என்றார். "நல்லாத்தான் பேசிச்சு" என்றார் மற்றவர்.

செய்தி வந்தது. பாராட்டிப் பேசினார்கள். திருத்தம் அனுப்ப நினைத்தேன், அனுப்பவில்லை. இரண்டு மாதம் கழித்து அதிகாரியின் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பத்திரிகையில் கண்ட கோரிக்கையை ஏற்று, அந்தத் தோட்டத்தில் நான்கு விரிவுரைகள். விரிவுரையாளர் நான்.

என்னை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். அதிகாரியும் வந்தார். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில், கைக்குழந்தைகளின் ஏணைகளுக்கு நடுவே கூட்டம். அந்தப் பெண் பத்திரிகைத் துண்டோடு எழுந்தார்.

"சேர், நான் அழுதேன்னு போட்டிருக்கீங்க. நான் பஸ் கேக்கத்தானே வந்தேன்? அதக்கூட கேக்க விடல நீங்க. இந்தப் பேச்ச யாருங்க கேட்டா?"

என்ன சொல்கிறார் என்று அதிகாரி சிங்களத்தில் என்னைக் கேட்டார். நன்றி சொல்கிறார் என்றேன்.

அந்தப் பெண்ணுக்குச் சிங்களம் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும். அதிகாரியிடம் சிங்களத்திலேயே பஸ்ஸைப் பற்றிச் சொன்னார், மகளைப் பற்றிச் சொன்னார். மொத்தம் இரண்டு நிமிடம்கூட இருக்காது.

அதிகாரி உண்மையாகவே வருந்தினார். "இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே அம்மா" என்றார். ஒரு தோட்டத்துக்கு வருடத்துக்கு ஒரு கோரிக்கைதானாம். இந்தத் தோட்டத்தின் கோரிக்கை நிறைவேற்றப்பட்டுக்கொண்டிருந்தது.

அது என் கோரிக்கை, அவருடையது அல்ல என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். தொண்டையைச் செருமிக்கொண்டு விரிவுரையைத் தொடங்கினேன்.

மீதி மூன்றையும் நானே நடத்தினேன். அந்தப் பெண்ணின் மகள் அந்தப் பள்ளித் தவணையோடு படிப்பை நிறுத்திவிட்டாள். கடைசி விரிவுரைக்கு வருகைப் பதிவு எழுத ஆள் தேவைப்பட்டது. படித்த பிள்ளை, பகலில் வீட்டில் இருக்கும் பிள்ளை என்று அவளைத்தான் உட்கார வைத்தார்கள்.