நாலு சீட்டும் ஒரு வெற்றுச் சீட்டும்

என் மனைவி இருபத்தேழு வருடம் மலேசியாவின் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்புக்குள் குனிந்து கிடந்தவள். அரிசியில் பாதி அளவுள்ள சில்லுகள், அவற்றில் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகள். அந்தக் கம்பிகள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை. குடும்ப தினம் ஒன்றில் என்னையும் அதற்குள் பார்க்கவிட்டார்கள். ஒரு நகரத்தையே ஆகாயத்திலிருந்து பார்ப்பது போலிருந்தது. பாலங்கள், தெருக்கள், எல்லாம் தங்கம். இதைப் பார்த்துவிட்டு இவள் மாலையில் வீட்டுக்கு வந்து என் முகத்தையும் பார்க்கிறாளே என்று அன்றைக்கு வெட்கப்பட்டேன்.

விருப்ப ஓய்வு பெற்று வந்த நாளில், தோழிகள் கொடுத்த கேக்கை ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"சின்னதாப் பாத்தது போதும்ங்க. பெருசா ஒன்னு பாக்கணும். ஆனை. கூண்டு, சங்கிலி, முதுகுல ஏத்திப் படம் புடிக்கிறது, அதெல்லாம் வேணாம். அது பாட்டுக்கு இருக்கணும், நான் பாட்டுக்கு நின்னு பாக்கணும்."

"அதுக்கென்ன, போய்ட்டு வந்துடலாம்" என்றேன். திருமணமான ஆண்கள் நிறையச் சொல்லும் பொய்களில் இது மென்மையானது.

அவகாசம் நாலு மாதம். ஜொகூரில் இருக்கும் எங்கள் மகள் கர்ப்பமாக இருந்தாள். பிரசவத்துக்கு இவள் அங்கே போனால் குறைந்தது ஒரு வருடம், பிறகு பேரப்பிள்ளை விடாது, பிறகு முழங்கால் விடாது. "இப்ப பாக்கலன்னா அப்புறம் டிவியிலதான்" என்றாள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வீட்டில் புத்தகம் படிப்பவன் நான் ஒருவன்தான் என்பது காரணம்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். காப்புறுதி. மக்கள் எப்படியெல்லாம் அடிபடுவார்கள் என்று முப்பது வருடமாக யோசித்துச் சம்பளம் வாங்கியவன். சுற்றுலா என்ற சொல்லைக் கேட்டதும் மற்றவர்களுக்குக் கடற்கரை தெரியும். எனக்கு இழப்பீட்டுப் படிவம் தெரியும். யானை மிதித்தால் அது விபத்தா, வேண்டுமென்றே வரவழைத்துக்கொண்டதா? முதல் வாரம் முழுக்க அதைத்தான் படித்தேன்.

பிறகு இடங்களைப் படித்தேன். முதலில் கென்யா. அடிவானம் வரை புல், அதில் மலைகள் நடப்பது போல யானைக் கூட்டம். படத்தைப் பார்த்தே மூச்சு முட்டியது. ஆனால் போவதற்கு முன் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட வேண்டும், எனக்கு ஊசி என்றால் காய்ச்சல். அடுத்தது இலங்கை. ஒரேயொரு சிறுத்தையைச் சுற்றி நாற்பது ஜீப் நிற்கும் படம் கண்ணில் பட்டது. அந்த நெரிசல் எங்கள் பக்கத்து டவுன் சுங்கை பட்டாணியில் தினமும் மாலை ஐந்தரைக்குக் கிடைக்கிறது, சிறுத்தை மட்டும்தான் இல்லை. முதுமலைக்குப் போகலாம், ஆனால் இந்தியா என்று வாயைத் திறந்தால் போதும், மைத்துனிமார் கோயில் பட்டியலோடு வந்துவிடுவார்கள். பதினோரு கோயிலுக்கு நடுவே காட்டுக்கு ஒரு மத்தியானம் கிடைக்கும். நாலாவது, போர்னியோ தீவில் இருக்கும் சபா. ஆற்றில் படகில் போய்ப் பார்க்க வேண்டும், ஆற்றில் முதலையும் இருக்கிறது. யானை தப்பவிட்டாலும் முதலை விடாது.

இப்படியே மூன்று மாதம் போயிற்று. கட்டம் போட்டு அட்டவணை ஒன்று தயாரித்தேன். வானிலை, தூரம், நோய், கடி, மிதி என்று தலைப்புகள். படித்ததில் ஒன்று மட்டும் என்னை அசைத்துப் போட்டது. யானை தன் பாதத்தால் கேட்கிறதாம். எங்கோ தொலைவில் இன்னொரு யானை எழுப்பும் அதிர்வு மண் வழியாக வந்து இதன் உள்ளங்காலில் சேர்கிறதாம். அன்று சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னேன். கையில் பிசைந்த சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப நாம போறோம்னு அதுக்கு முன்னாடியே தெரியும்?"

"தெரியும்."

"நமக்கே இன்னும் தெரியலயேங்க" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சாமியிடம் கேட்டுவிடலாம் என்று முடிவெடுத்தாள். சிடாம் கிரி பக்கம் அவள் பிறந்த ரப்பர் தோட்டத்தின் எல்லையில் ஒரு முனியாண்டி கோயில் இருக்கிறது. கோயில் என்றால் தகரக்கூரை, மூன்று சூலம், ஒரு பெரிய மீசை. அங்கே பெண் பார்ப்பது, வேலை மாறுவது எல்லாவற்றுக்கும் சீட்டுப் போட்டுக் கேட்பார்கள். பூசாரி வார நாள்களில் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், ஞாயிறு மட்டும் சாமியின் ஆள்.

"என்ன காரியம் தங்கச்சி? வீடு கீடு வாங்குறீங்களா?"

"இல்லண்ணே. ஆனை பாக்கப் போறோம். எங்க போறதுன்னு கேக்கணும்."

பூசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணத்துக்குக் கேப்பாங்க, கேஸுக்குக் கேப்பாங்க. ஆனைக்கு நீங்கதான்லா மொத ஆளு. எங்கெங்க தம்பி எழுதியிருக்கீங்க?"

"கென்யா, இலங்கை, முதுமலை, சபா."

"கென்யாவப் பத்தி நம்ம சாமிக்கு என்னா தெரியும்?"

"எல்லாம் தெரிஞ்சவர்தானே அண்ணே."

"தெரிஞ்சவர்தான். ஆனா தோட்டத்த விட்டு வெளிய போனதில்லயே." தாம்பாளத்தில் கிடந்த நாலு சீட்டையும் எண்ணினார். "வெத்துச் சீட்டு எங்க?"

"அது எதுக்குண்ணே?"

"சாமிக்கும் வேணாம்னு சொல்ல ஒரு வழி வேணும்ல, தம்பி."

ஒன்றும் எழுதாத தாள் ஒன்றை மடித்து ஐந்தாவதாகப் போட்டார். குலுக்கினார். வழக்கமாகக் குழந்தைதான் எடுக்கும். அன்று தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் டியூஷனுக்குப் போயிருந்தார்கள். ஆசை யாருக்கோ அவர்களே கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்றார்.

அவள் கண்ணை மூடினாள். இருபத்தேழு வருடம் இமைக்காமல் பார்த்த கண்கள். அந்த ஒரு நொடியில் நான் செய்ததை எழுதத்தான் வேண்டும். நான் அதிகம் சாமி கும்பிடுகிறவனில்லை. அன்று கும்பிட்டேன். ஊசி, ஜீப், முதலை, மிதி, எல்லாம் ஒன்றாக எழுந்து வந்து நிற்க, "முனியாண்டி, வெத்துச் சீட்டு" என்று வேண்டிக்கொண்டேன்.

அவள் எடுத்துப் பிரித்தாள். இரண்டு பக்கமும் திருப்பினாள். வெள்ளை.

என் ஐம்பத்து மூன்று வருடத்தில் உடனுக்குடன் நிறைவேறிய ஒரே வேண்டுதல் அதுதான். உள்ளங்கால் சில்லிட்டது. மீசைக்கு மேலிருந்த கண்கள் என்னையே பார்ப்பது போலிருந்தது.

"இப்ப வேணாம்ங்கறாரு தங்கச்சி" என்றார் பூசாரி, கொஞ்சம் வருத்தமாகவே. அவள் அந்தத் தாளை அழகாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். திகாம் பத்துவில் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். மறுநாள் காலையில் ஜொகூருக்கான பெட்டியை எடுத்துவைத்தாள். போக இன்னும் நாலு வாரம் இருந்தது. பிள்ளைத் துணிகளை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

இரண்டு நாள் தாங்கினேன். மூன்றாம் நாள் அந்தப் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"வெத்துச் சீட்டு வரணும்னு வேண்டிக்கிட்டது நான்தாம்மா."

மடிப்பு நின்றது. நான் இழப்பீடு மறுத்து எழுதிய கடிதங்களை மக்கள் இப்படித்தான் வாசித்திருப்பார்கள் என்று தோன்றியது.

"பயமா?"

"பயம்தான்."

"மூணு மாசமா அதத்தான் கட்டம் போட்டு எழுதிக்கிட்டிருந்தீங்களா?"

தலையாட்டினேன். கைப்பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, சில்லைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அப்ப சாமி உங்களுக்குப் பதில் சொல்லிட்டாரு. எனக்கு இன்னும் சொல்லல. நீங்க எழுதின நாலு எடமும் இல்லன்னுதானே வந்திருக்கு? எழுதாத எடம் ஒன்னு இருக்கும்லா."

இலக்கியத்தில் மௌனத்தை வாசிப்பது பற்றித் தடித்த புத்தகங்களைப் படித்தவன் நான். ஒரு வெற்றுத் தாளை இவ்வளவு நன்றாக வாசித்தவர் யாரையும் அவற்றில் கண்டதில்லை.

அன்று மாலையே தொலைபேசியை எடுத்தாள். தொழிற்சாலையில் பக்கத்து மைக்ராஸ்கோப்பில் இருந்த மலாய்க்கார அக்காவுக்கு, எங்கள் கெடா மாநிலத்திலேயே சிக் பக்கம், காட்டை ஒட்டிய கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், வீடு. அந்த அக்காவும் அதே மாதத்தில்தான் ஓய்வு பெற்றிருந்தார். அங்கே யானை வருமா என்று இவள் மலாயில் கேட்டாள், அந்தப் பக்கமிருந்து வந்த சிரிப்பு எனக்கே கேட்டது. முள்ளுப் பழமான டூரியான் விழும் காலம், வாரம் ஒருமுறை தோப்புக்கு வருகிறார்கள், வேலியை மூன்று தடவை மிதித்துவிட்டார்கள், இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயே, ஒருநாள் கேட்கக் கூடாதா என்றாராம்.

கென்யாவுக்குப் பதினேழு மணி நேரம் என்று அட்டவணையில் எழுதியிருந்தேன். இங்கே எங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது, மணி மூன்று. அக்காவின் கணவர் பொரித்த வாழைப்பழமும் காப்பியும் கொடுத்துவிட்டு ஒரே ஒரு விதியைச் சொன்னார். தோப்புக்குள் அதன் பெயரைச் சொல்லக் கூடாது. மலாயில் 'ஓராங் பெசார்' என்றுதான் சொல்ல வேண்டும். பெரியவர்.

"தமிழில் சொல்லலாமா?" என்று கேட்டேன். வழக்கம்போல விதிவிலக்குத் தேடினேன்.

அவர் நிஜமாகவே யோசித்தார். "வேண்டாம். முன்பு இந்தப் பக்கத் தோட்டத்தில் தமிழர்கள் நிறைய இருந்தார்கள். அவருக்குத் தமிழ் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. இதை எழுதும்போதும் கை கூசுகிறது. ஆகவே இனிமேல் நானும் பெரியவர் என்றே எழுதுகிறேன்.

தோப்பின் மேட்டில் நாலு தூண் மேல் ஒரு பலகைக் குடிசை. பழத்துக்குக் காவல் இருக்கக் கட்டியது. ஏணியில் ஏறி நாலு பேரும் உட்கார்ந்தோம். எதிரே சரிவு, சரிவின் அடியில் ஓடை, ஓடைக்கு அப்பால் காடு. அவ்வப்போது தொப்பென்று ஒரு டூரியான் விழும். ஒவ்வொன்றுக்கும் என் இதயமும் கூடவே விழுந்தது. வந்தால் மரம் முறியும், பிளிறல் கேட்கும், தயாராக ஏணிப் பக்கம் நகர்ந்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ஒரு சத்தமும் இல்லை. ஓடைக்கு அப்பால் நிழல் என்று நான் நினைத்திருந்த ஒன்று காதை அசைத்தது.

அவ்வளவுதான். அது எவ்வளவு நேரமாக அங்கே இருந்ததென்று தெரியாது. இலை அசையாமல் வந்திருந்தது. சுங்கை பட்டாணியில் ஒரு மோட்டார் சைக்கிள் செய்யும் சத்தத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லாமல் ஒரு வீடு நடந்து வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் காலுக்கிடையில் ஒரு குட்டி. எண்ணினேன், ஏழு. எண்ணத்தான் முடிந்தது, வேறெதுவும் முடியவில்லை. அட்டவணையின் தலைப்புகள் ஒவ்வொன்றாக என்னை விட்டுப் போயின. பயம்கூடச் சிறிதாகி எங்கோ ஓரத்தில் நின்றது. அவ்வளவு பெரிய இருப்புக்கு முன்னால் பயப்படுவதற்குக்கூட எனக்குத் தகுதி இல்லை என்று பட்டது.

கென்யாவுக்கென்று வாங்கிய தொலைநோக்கியை அவள் கையில் கொடுத்தேன். பழக்கத்தில் கண்ணருகே கொண்டுபோனாள். தொடும் முன் நிறுத்தி, மடியில் இறக்கி வைத்தாள்.

"இதுக்குள்ள வேணாம்ங்க" என்றாள் காதோடு. "அப்படியே பாக்குறேன்."

முன்னால் வந்த தாய் ஒரு டூரியானைத் தும்பிக்கையால் உருட்டியது. முன்னங்காலைத் தூக்கியது. நசுக்கப் போகிறது என்று நினைத்தேன். கால் மெல்ல இறங்கி, முள்ளின் மேல் பட்டு, ஒரு கணம் நின்று, பின் கொஞ்சமே கொஞ்சம் அழுத்தியது. பழம் பிளந்தது. ஒரு சுளைகூட நசுங்கவில்லை. குட்டி வந்து எடுத்துக்கொண்டது.

என் மனைவியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மூச்சா, அழுகையா, தெரியவில்லை.

"பாத்தீங்களா? அந்தக் கனத்த வச்சிக்கிட்டு... எவ்ளோ அளந்து வச்சது பாருங்க, காக், தெங்கோக் து!" என்று தமிழில் எனக்கும், அக்கா அதைப் பாருங்கள் என்று மலாயில் அவருக்கும் கிசுகிசுத்தாள். பக்கத்திலிருந்த அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். முடியைவிட மெல்லிய கம்பியைக் காத்த இரண்டு பெண்களுக்கும் அந்தக் கால் இறங்கிய விதம் என்னவென்று தெரிந்தது. நான் பருமனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வேலையைப் பார்த்தார்கள்.

பெரியவர்கள் அரை மணி நேரம் இருந்தார்கள். போகும்போது தாய் மட்டும் ஒருமுறை நின்று, எங்கள் பக்கம் திரும்பி, ஒரு பாதத்தை மண்ணில் அழுத்தாமல் வைத்துக் கேட்டது. அல்லது கேட்பதாக எனக்குத் தோன்றியது. நாலு பேரும் மூச்சை நிறுத்தினோம். பிறகு காடு மூடிக்கொண்டது, யாரும் வராத மாதிரி.

நன்றாக நேரம் கழித்து, அக்காவின் கணவர் சரி என்ற பிறகு, இவள் சரிவில் இறங்கினாள். ஈர மண்ணில் ஒரு காலடி. செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் அதற்குள் வைத்தாள். சுற்றிலும் இடம் மிச்சமிருந்தது. நான் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு அதிலேயே நின்றாள்.

நாங்கள் யாரும் ஒரு படம்கூட எடுக்கவில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. மகள் ஜொகூரிலிருந்து வீடியோவில் அழைத்தாள்.

"போட்டோ எங்கம்மா? ஒன்னுகூடவா இல்ல? அப்பா என்னா செஞ்சாரு?"

"அப்பா எண்ணிக்கிட்டு இருந்தாரு."

"எவ்ளோ பெருசும்மா?"

இவள் இரண்டு கையையும் விரித்தாள். போனைப் பிடித்திருந்தவன் நான்.

"கை தெரியலம்மா."

நான் இரண்டடி பின்னால் போனேன். அவள் கையை இன்னும் விரித்தாள். "இது தலைதான்டி, இன்னும் ஒடம்பு வரல." சாப்பாட்டு மேசையைச் சுற்றி வந்து கூடத்தின் சுவரில் முதுகு முட்ட நின்றேன்.

"இப்பவும் தெரியலப்பா!"

"இன்னும் கொஞ்சம் பின்னால போங்க" என்றாள் அவள்.

கதவைத் திறந்துகொண்டு வாசலுக்குப் போனேன். செருப்பில்லாமல் படியிறங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் காரைக் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். உள்ளே, கூடத்தின் நடுவில், ஐந்தடி உயரத்தில் ஒரு பெண் கைகள் போதாமல் நின்றுகொண்டிருந்தாள். நான் வெளிவாசல் கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.