கங்கம்மா கட்டிய மஞ்சள் புடவை

கங்கம்மா அக்காவுக்கு உட்காரவே தெரியாது. மேற்குத் தாம்பரத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே, பழைய ரயில்வே பட்டறை வாசலில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் அவருடைய தள்ளுவண்டி. சோறு, மீன் குழம்பு, ஒரு துண்டு வறுவல். ஆள் இல்லாத நேரத்தில் கரண்டியைக் கழுவுவார். கழுவிய கரண்டியை மறுபடியும் கழுவுவார்.

"கொஞ்சம் குந்துக்கா, பாக்குற எனக்கே கால் வலிக்குது" என்பேன்.

"நீ மிஷினு முன்னாடி குந்திகினே கெட டெனிசு, என்னை வுடு" என்பார்.

அவருடைய புருஷன் அந்தப் பட்டறையில் சரக்கு வேகன் பழுதுபார்க்கும் இடத்தில் கூலியாள். அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் அக்கா வண்டி போட்டார். அப்புறம் பட்டறையையும் மூடிவிட்டார்கள், உள்ளே முள்ளுச்செடி மண்டிப்போனது. ஆனாலும் ஆட்டோக்காரர்களும் கொத்தனார்களும் வந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, குழம்பு அருமையாக இருக்கும். ஆனால் அவர்களை நிற்க வைத்தது அந்த மரத்து நிழல்தான். சித்திரை வெயிலில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் நின்று சோறு தின்று பாருங்கள், தெரியும். மரம் போனால் வியாபாரம் போச்சு. அக்காவுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

ஒருநாள் பட்டறைச் சுவரில் பெரிய பலகை ஏறியது. பசுமைக் குடியிருப்பு வரப்போகிறதாம். குளமாம், சைக்கிள் பாதையாம், பறவைகளாம். பலகைப் படத்தில் ஒரு பெண் நாயோடு ஓடிக்கொண்டிருந்தாள். தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள். ஆயில் ஊறிக் கறுத்துப்போன மண்ணை லாரி லாரியாக அள்ளிப் போனார்கள். அந்தப் புழுதி என் மிஷினுக்குள் புகுந்து, எடுக்கிற ஒவ்வொரு காகிதத்திலும் கறுப்புக் கோடு விழுந்தது. எனக்கு வந்த எரிச்சலில் கண்ணில் பட்டவனையெல்லாம் திட்டினேன். அக்கா சுவரோட்டை வழியே எட்டிப் பார்ப்பதும் வண்டிக்கு ஓடிவருவதுமாக இருந்தார்.

அவர் பயந்தபடியே நடந்தது. ஒரு காலையில் வேப்பமரத்தின் மேல் சிவப்புப் பெயின்ட்டில் பெருக்கல் குறி. புது வாசலுக்கு நடுவில் மரம் நிற்கிறதாம், வெட்டப் போகிறார்களாம். என்ஜினீயர் ஷ்யாம்சுந்தர் தன்மையான ஆள்தான்.

"உள்ள நிறைய மரம் வைக்கப் போறோம்மா. இந்த ஒண்ணுதான் என்ட்ரன்ஸ்ல இடிக்குது."

"வெச்சி, அது எப்ப சார் நெழலு குடுக்கும்? நான் செத்தப்புறமா?"

அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். அன்றைக்கு அக்கா தவித்த தவிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. குழம்பில் உப்பே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு தின்றேன்.

மறுநாள் ஷட்டரைத் தூக்கினேன். மரத்துக்கு மஞ்சள் புடவை! பெருக்கல் குறியின் மேல் மஞ்சளைப் பூசி, உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம். கீழே எலுமிச்சம்பழம், கற்பூரம். அது அக்காவின் புடவை. முந்தானையிலிருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னாக்கா இது? மீன் ஆயுற கையால அம்மனா?"

"சத்தம் போடாத. ஆடி மாசம் கூழு ஊத்தி கருவாட்டுக் கொழம்பு வெச்சா நம்ம ஏரியா அம்மன் வாணாம்னா சொல்றா? மீனு வாசன அவளுக்கு இன்னா புச்சா?"

ஜேசிபி வந்தது. ஓட்டி வந்தவன் இறங்கினான், புடவையைப் பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "சார், நம்மால ஆவாது. வேற ஆளப் பாருங்க" என்று வண்டியைத் திருப்பினான். வேறு ஆள் வந்தான், அவனும் திரும்பிப் போனான். ஷ்யாம்சுந்தர் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் வாசலையே தள்ளிக் கட்டினார்கள். நான் ரோட்டில் நின்று விசிலடித்தேன். அன்றைக்கு அக்கா என் தட்டில் இரண்டு வறுவல் வைத்தார்.

அத்தோடு விட்டதா? வீடுகள் எழும்பின, ஜனங்கள் குடிவந்தார்கள். வாசலிலேயே அம்மன் இருக்கிறாள் என்றதும் அவர்களுக்கு ஒரே பரவசம். மரத்தைச் சுற்றி கிரானைட் மேடை வந்தது, பிறகு கம்பி வேலி வந்தது. வெள்ளிக்கிழமை தோறும் பூஜை. அக்காவின் புடவை மேல் பட்டுப் புடவைகள், வளையல்கள், பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய குட்டித் தொட்டில்கள். ஒவ்வொன்றாக ஏற ஏற அக்கா வண்டியை நகர்த்தி நகர்த்தி வைத்தார்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் நாகலக்ஷ்மி ஒருநாள் வண்டிக்கு வந்தார். பேங்க்கில் இருந்து ரிடையர் ஆனவர், குரல் உயர்த்தாத மனுஷி.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இப்போ இது கோயில். அம்பாள் சந்நிதியில மீன் வாசனை வரலாமா? ரோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டுக்கோங்களேன்."

"அந்தாண்ட மொத்தமும் வெய்யிலும்மா."

"குடை வெச்சுக்கலாமே? நாங்களே நல்ல குடையா வாங்கித் தரோம்."

 அந்தம்மா போனதும் கத்தினேன். "அம்மனே நீ கட்டுனதுதான்னு சொல்லித் தொலையேன்க்கா!"

"சொன்னா மரத்த வெட்டிருவாங்கடா" என்றார்.

குடை வந்தது, அக்கா வண்டியை என் கடைப் பக்கம் கொண்டுவந்தார். என்ன குடை அது, அடியில் நின்றால் இட்லிப் பானைக்குள் நின்ற மாதிரி இருக்கும். ஆட்டோக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பாலத்துக்கு அடியில் இருக்கும் கடைக்குப் போய்விட்டார்கள். குழம்பு மிஞ்சியது. அக்கா அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனார்.

ஆடி பிறந்தது. அக்கா தலைக்குக் குளித்து, ஒரு தூக்கில் கூழும் ஒரு தூக்கில் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனார். குடியிருப்புக் காவலாளி கூழை வாங்கிக்கொண்டான். கருவாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அக்கா என் கடை வாசலில் வந்து நின்றார். முகம் பார்க்கிற மாதிரி இல்லை.

"போதும் டெனிசு. என் பொடவைய நான் எடுத்துக்கினு போறேன். அவுங்க பொடவைய வெச்சிகினு அவுங்க கும்புடட்டும்."

"வாக்கா" என்று நானும் எழுந்தேன். இத்தனை நாள் இதற்குத்தானே காத்திருந்தேன். உச்சி வெயில், காவலாளி சாப்பிடப் போயிருந்தான், வேலிக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே நிழல் குளுகுளுவென்று இருந்தது. அக்கா பட்டுப் புடவைகளை விலக்கினார். அடியில் வெளுத்துப்போய் அவருடைய புடவை, அதே எண்ணெய்க் கறை. முடிச்சில் கை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் அசையாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

"அவுருக்கா."

"கை வர மாட்டேங்குது."

"நீ கட்டுனதுதானே?"

"நான் கட்டுனதுதான்." அக்கா முடிச்சிலிருந்து கையை எடுத்தார். "பயமா கீது டெனிசு. நீ அவுத்துடு. நீ மாதா கோயிலுக்குப் போறவன், உனக்கு இன்னா?"

அதானே, எனக்கென்ன? மேடையில் ஏறினேன், முடிச்சைப் பிடித்தேன். வியர்வையில் விரல் வழுக்கியது. இழுக்கிறேன் இழுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

அக்கா என் காலைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். செருப்பு வேலிக்கு வெளியே கிடந்தது. எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"உனக்குமா?" என்றார் அக்கா.

முடிச்சை விட்டுவிட்டு இறங்கினேன். அவர் பட்டுப் புடவைகளை முன்பு இருந்தபடியே சரிசெய்தார். பிறகு ரோட்டைத் தாண்டிப் போய், குடையை வெயில் பக்கம் சாய்த்துவிட்டு, கரண்டியைக் கழுவ ஆரம்பித்தார்.