மோட்டாருக்கு ஒரு கான்கிரீட் வீடு

ஜூன் 19, வியாழக்கிழமை. காலை 10.20. மழை இல்லை, ஆனால் குடையைப் பிடுங்கிக்கொண்டு போகிற பாலக்காட்டுக் காற்று. சூலூருக்குத் தெற்கே, என் தங்கை மகள் சரசுவின் தோட்டத்து மோட்டார் ரூம் முன்னால் நிற்கிறேன். கையில் அளவு டேப். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. நாடி பிடித்து எண்ணினேன்... நிமிடத்துக்கு 104!

ஏன் இந்தப் படபடப்பு? சொல்கிறேன்.

சரசு குடியிருப்பது ஓட்டு வீடு. ஏழு இடத்தில் ஒழுகும். போன மழைக்கு மேற்குச் சுவர் சாய்ந்துவிட, மூன்று பனங்கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். அந்தச் சுவரோரம்தான் அவள் படுக்கிறாள். இன்னொரு மழைக்காலத்தை அது தாங்காது. புது வீடு கட்ட அரசு மானியத்தோடு வீட்டுக் கடன் கேட்டு விண்ணப்பித்தாள். எழுதிக் கொடுத்தவன் நான் — பதினோரு இணைப்புகள், இருபத்தாறு கையெழுத்துகள்.

திரும்பி வந்துவிட்டது. காரணம்? 'கணவர் பெயரில் ஏற்கெனவே கான்கிரீட் வீடு உள்ளது.'

கான்கிரீட் வீடா? எங்கே?

சரசுவின் கணவர் குமாரசாமி தலையைச் சொறிந்தார். "அது... மோட்டார் ரூமுங்க மாமா."

எங்கள் பக்கத்து விவசாயிக்கு மோட்டார்தான் மூத்த பிள்ளை. ஓடு போட்டால் திருடன் பிரித்துக்கொண்டு இறங்கிவிடுவானே! ஆகவே மனிதருக்கு ஓடு, மோட்டாருக்கு கான்கிரீட். விவசாயத்துக்கான இலவச மின்சாரத்தில் லைட், ஃபேன் போட்டால் வம்பு என்று குமாரசாமி அவற்றுக்குத் தனி லைன் வாங்கியிருக்கிறார். தனி லைனுக்கு வீட்டு வரி ரசீது வேண்டும். மோட்டார் ரூமை 'வீடு' என்று எழுதிக் கொடுத்து, பதினாலு வருஷமாக ஒரு தவணை தவறாமல் வரியும் கட்டி வருகிறார். என்ன நாணயம்!

மேல்முறையீடு எழுதினேன். நேரில் பார்த்து முடிவு சொல்ல ஓர் இளம் பெண் இன்ஜினீயர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அவரும் 'வீடுதான்' என்று எழுதிவிட்டால் அத்தோடு சரி.

"எட்டடிக்கு ஒன்பதடிங்க. 72 சதுர அடி. மூணு தடவை அளந்துபோட்டேன்" என்றேன்.

"அளவு கெடக்கட்டுங்க ஐயா. குடியிருக்கறாங்களான்னுதான் பார்க்கோணும்."

கதவைத் திறந்தால்... ஐயோ! தரை கழுவிப் பளபளக்கிறது. கயிற்றுக் கட்டில், அதன் மேல் புதுப் போர்வை. சுவரில் காலண்டர். கூஜாவில் தண்ணீர். ஃபேன் சுற்றுகிறது. ஆபீசர் வருகிறார் என்று விடிகாலையிலேயே ஜோடித்துவிட்டார் மனுஷர்!

"வாங்க அம்மணி, உக்காருங்க. சின்ன ரூமுதான்... ஆனா ஒரு கொறையும் கெடையாதுங்க!"

"குமாரசாமி!" — பல்லைக் கடித்தேன்.

"இருங்க மாமா. வந்தவங்களை நிக்க வெச்சா பேசறது?"

இன்ஜினீயர் போர்வையைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். "கட்டிலு, ஃபேனு... தங்கற மாதிரித்தானுங்களே இருக்குது?"

சரசுவுக்குப் பொறுக்கவில்லை. "நான் அங்க சாயற செவுத்தோரம் கெடக்கறேன். இவரு இங்க மோட்டாருக்குப் போர்வை போத்தி உடறாருங்க!"

மணி 10.41. மும்முனை மின்சாரம் வந்தது. ஆட்டோ ஸ்டார்ட்டர் 'டப்' என்று அடித்தது. கட்டிலுக்கு இரண்டடி தள்ளியிருந்த போர்வெல் கம்ப்ரஸர் மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது பாருங்கள்... தரை அதிர்கிறது. கட்டில் நடக்கிறது! கூஜா மூடி துள்ளி விழுகிறது. இன்ஜினீயர் காதைப் பொத்திக்கொண்டு ஏதோ கேட்கிறார். குமாரசாமி ஏதோ சொல்கிறார். ரூமின் பெருமையாகத்தான் இருக்கும். ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. கடவுள் இருக்கிறார்!

வெளியே ஓடி வந்தோம்.

"இது எவ்வளவு நேரமுங்க ஓடும்?"

"கரன்ட் இருக்கற மட்டும் ஓடுமுங்க. ராத்திரி மொறை வந்தா ராத்திரியும்" என்றார் குமாரசாமி.

"இதுக்குள்ள எப்படிங்க தூங்குவீங்க?"

குமாரசாமி அப்போதுதான் பெருமையை விட்டு இறங்கி வந்தார். "எங்கீங்க தூங்கறது? ஒயரைத் திருடிப்போட்டுப் போயிருவானுங்கன்னு முழிச்சுக் கெடப்பேன். அதுக்குத்தானுங்க கட்டிலு."

இன்ஜினீயர் சிரித்துவிட்டார். ஸ்கூட்டர் சீட்டில் வைத்தே எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'பம்ப் அறை மட்டுமே. குடியிருப்பு அல்ல. தகுதி உண்டு.' ஏழே சொற்கள்! எனக்கு எழுபத்து மூன்று வயது. அந்த வரப்பில் குதித்தேன் என்றால் நம்புவீர்களா?

கடனுக்குத் தகுதி என்பது, நம்மிடம் என்ன இல்லை என்று சொல்லத் தெரிவது. எங்கள் ஆட்களுக்கோ வந்தவர் முன்னால் 'இல்லை' என்று சொல்ல நாக்கு எழாது. எத்தனை விண்ணப்பங்கள் இப்படித் திரும்பினவோ... உங்கள் வரி ரசீதில் எது வீடு என்று எழுதியிருக்கிறது? இன்றே எடுத்துப் பாருங்கள்.

சரசு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாமா, வாசக்கால் நீங்கதான் வெக்கோணும். தாய்மாமன் மொறை."

சந்தோஷத்தில் என்ன மரம் என்றுகூடக் கேட்காமல் தலையாட்டிவிட்டேன். தேக்காம். கணபதி மரக்கடையில், கதவோடு சேர்த்து — 46,350 ரூபாய்.