சுகுணாவின் இரண்டு ஃபிளாப்பிகள்

1. புதன்கிழமை

விஜயதசமிக்கு மறுநாள் சாயங்காலம் என் தங்கை சுகுணா செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் ஒரு பழுப்புக் கவர், அதற்குள் இரண்டு கம்ப்யூட்டர் ஃபிளாப்பி.

"ரெண்டுமே படிக்க மாட்டேங்குது அண்ணா. டிரைவ்ல போட்டா கர்ரு கர்ருன்னு சத்தம்தான் வருது. ரெண்டு மாசமா அடிச்ச ரிப்போர்ட் மொத்தமும் இதுலதான் இருக்கு" என்றாள்.

அவள் பகலில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். சாயங்காலம் சிகந்திராபாத்தில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த திங்கட்கிழமை புராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த வருஷம் போயிற்று, திரும்ப முதலிலிருந்து படிக்க வேண்டும்.

"இன்னொரு காப்பி எடுத்து வச்சிருக்கக் கூடாதா சுகுணா?" என்று என் மனைவி கேட்டாள்.

"இந்த ரெண்டாவதுதான் அண்ணி அந்த இன்னொரு காப்பி" என்றாள் சுகுணா. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ கம்ப்யூட்டர் ரூம்லதானே இருக்கே. ஏதாவது வழி உண்டா?" என்றாள்.

கம்ப்யூட்டர் ரூமில் இருந்தேன் என்பது உண்மைதான். குஷாய்குடா பக்கம் ஒரு அரசாங்கத் தொழிற்சாலை. அதில் இ.டி.பி. செக்‌ஷனில் ஒன்பது வருஷமாக ஹெல்ப்பர். தரையைத் துடைப்பது, பிரிண்டருக்குப் பேப்பர் பெட்டி தூக்குவது, பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவது, இவைதான் என் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அந்தக் கறுப்புச் சதுரத்துக்குள் எழுத்து எங்கே இருக்கிறது என்பதே எனக்குப் புரியாத விஷயம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் தெரியாது.

"கேட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். யாரைக் கேட்பது என்று பிறகுதான் யோசித்தேன்.

2. கோபாலன் சார்

வெளி ஃபிளாப்பி எதையும் எங்கள் கேட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. மேனேஜர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். மேனேஜர் கோபாலன் சார். ஒன்பது வருஷத்தில் அவரிடம் நான் "ஆமா சார்", "சரி சார்" தவிர எதுவும் பேசியதில்லை. வியாழக்கிழமை காலை அவர் அறை வாசலில் மூன்று முறை போய் நின்றுவிட்டுத் திரும்பினேன். நான்காவது முறை அவரே பார்த்துவிட்டார்.

"என்னய்யா சிகாமணி, கதவை அளவு எடுக்கிறியா?"

சொன்னேன். எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் திங்கட்கிழமையில் ஆரம்பித்து, கர்ரு கர்ரு சத்தத்துக்கு வந்து, நடுவில் தங்கை பெயரைச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ரெண்டு காப்பியும் ஒரே கவர்லயா வச்சிருந்தா?"

"ஆமா சார்."

"சனிக்கிழமை சனிக்கிழமை நீ டேப்பைத் தூக்கிட்டு அந்தக் கோடி பில்டிங் இரும்பு அலமாரியில வைக்கிறியே, அது எதுக்குன்னு நினைச்சே?"

"இங்க இடம் பத்தலைன்னு நினைச்சேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இந்த பில்டிங்ல தீப்பிடிச்சா அந்த பில்டிங்ல ஒரு காப்பி இருக்கும்யா. அதுக்குத்தான். ஒன்பது வருஷமா உன்கிட்ட யாரும் சொல்லலையா?" என்றார். நானும் யாரையும் கேட்டதில்லை. அவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். "நாளைக்கு லஞ்ச் டயத்துல ஜாஃபர்கிட்ட காட்டு. ஆபீஸ் நேரத்துல கூடாது."

3. அத்தர் வாசனை

ஜாஃபர் பாய் எங்கள் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். பழைய நகரத்துக்காரர். எங்கள் கேட்டுக்கு எதிர் ஹோட்டலில் தமிழர்களோடு பேசிப் பேசிப் பாதித் தமிழ் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டு நேரத்தில் கவரை அவரிடம் கொடுத்தேன். நேராக மெஷினில் போடுவார் என்று நினைத்தேன்.

"நக்கோ, நக்கோ. போடக் கூடாது, முதல்ல பார்க்கணும். எத்தனை தடவை போட்டுப் பார்த்தாங்க உன் தங்கச்சி?"

"முதலாவதை ஒரு இருபது தடவை போட்டாளாம். ரெண்டாவதை ஒரே தடவை. அதுக்குள்ள இன்ஸ்டிட்யூட்காரர் டிரைவ் கெட்டுடும்னு கத்தி நிறுத்திட்டாராம்."

"கத்தினது நல்லதாப் போச்சு."

ஃபிளாப்பியின் உறையில் நீளவாக்கில் ஒரு சின்னத் திறப்பு உண்டு. அதன் வழியாக உள்ளே பழுப்புத் தட்டு தெரியும். அங்கே விளக்கைக் காட்டிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"மணி பாய், இதுல அத்தர் வாசனை வருது. கைக்கு? ஏன்?"

வாங்கி முகர்ந்தேன். சந்தனம்.

உடனே எனக்குப் புரிந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் புத்தகம், கத்தரிக்கோல், அரிவாள்மனை, என் ஸ்பானர் எல்லாம் பலகையில் வைப்போம். இந்த வருஷம் சுகுணா தன் புத்தகங்களோடு இந்தக் கவரையும் வைத்துவிட்டுப் பூ வாங்கப் போனாள். பொட்டு வைப்பது என் வேலை. கவரின் மேல் வைத்தால் பூஜை கவருக்குத்தானே என்று, இரண்டையும் வெளியே எடுத்தேன். எங்கே வைப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நெற்றி மாதிரி இருந்தது அந்தத் திறப்பு ஒன்றுதான். சந்தனத்தைக் குழைத்து, மேலே குங்குமம். மறுநாள் காய்ந்து உதிருமே என்று ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துத் திரும்பக் கவரில் போட்டேன். மேலே ஒன்றும் தெரியாதபடி சுத்தமாகத்தான் துடைத்தேன்.

"பொட்டு வச்சேன் பாய்" என்றேன். "இங்க கம்ப்யூட்டருக்கே வருஷா வருஷம் நான்தானே வைக்கிறேன். ஒண்ணும் ஆகலையே?"

"அது கேபினட் மேலே. இது உள்ளே ஓடற தட்டு. நீ கண்ணுக்குள்ள சந்தனம் வச்சிருக்கே."

பிறகு அவர் செய்தது என்னை இன்னும் குழப்பியது. இரண்டாவது ஃபிளாப்பியின் உறையை மேல் ஓரத்தில் பிளேடால் கீறி, தட்டை வெளியே உருவினார். மெல்லிய பழுப்பு நிறம், ஒரு பக்கம் மஞ்சளாக இழுவிய கறை. "பேட்டரித் தண்ணி கொண்டா" என்றார். டிஸ்டில்ட் வாட்டரை நான் ஊற்ற, அவர் தட்டின் நடு ஓட்டையில் விரலை விட்டுச் சுழற்றிச் சுழற்றிக் கழுவினார்.

"பாய், எழுத்து போயிடாதா?"

"மையா இது, கரையறதுக்கு? பிடி, ஓரத்தை மட்டும் பிடி."

ஏ.சி. காற்று வரும் இடத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீரில் கழுவினால் போகாத எழுத்து, ஒரு பொட்டுக்கு எப்படிப் போயிற்று? கேட்டேன். எழுத்து போகவில்லை, சந்தனம் தட்டில் ஒட்டிக்கொண்டு, டிரைவுக்குள் எழுத்தைப் படிக்கிற ஹெட்டை உரசவைக்கிறது, உரச உரசத்தான் எழுத்து போகும் என்றார். அதனால்தான் இருபது முறை போட்ட முதலாவது தட்டில் வட்ட வட்டமாகக் கீறல் இருந்தது. அதை அவர் தொடவேயில்லை.

காய்ந்த தட்டை ஒரு புது ஃபிளாப்பியின் உறைக்குள் நுழைத்து டிரைவில் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் வந்தது, ஆனால் கர்ரு கர்ரு இல்லை. திறந்து பார்த்தபோது திரையில் பெயர்கள் வரிசையாக வந்திருந்தன. ஒவ்வொன்றாகப் புது ஃபிளாப்பிக்குக் காப்பி எடுத்தார். கடைசி அத்தியாயத்தில் மெஷின் நின்று ஒரு கேள்வி கேட்டது. "ஆர் எழுத்தை அமுக்கு, திரும்பப் படிக்கும். நின்னா திரும்ப அமுக்கு" என்றார். எத்தனை முறை அமுக்கினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு முறை தானாக நகர்ந்துவிட்டது.

திறந்து பார்த்தால், நடுவில் ஒரு பத்து வரி மட்டும் எழுத்தாக இல்லை. கட்டம், கோடு, இடையிடையே சிரித்த முகம் போல ஒரு பொம்மை. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறதோ என்று இருந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

ஜாஃபர் பாய் மூன்று காப்பி எடுத்து ஹெட்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். "வீட்ல தூசுன்னு சொல்லிடு. சந்தனம்னு சொல்லாதே" என்றார்.

4. தங்கையிடம்

பஸ்ஸில் வரும்போது தூசு என்றே சொல்லிப் பழகிக்கொண்டு வந்தேன். வீட்டில் சுகுணா அந்தப் பத்து வரியைப் பார்க்காமலே, "தப்பு என்மேலதான். நான்தான் எங்கயோ கைநழுவி அழுக்குல போட்டிருப்பேன்" என்றாள். மூன்று நாளாக அதையே நினைத்திருக்கிறாள். எனக்குத் தாங்கவில்லை.

"சந்தனம். நான் வச்ச பொட்டு" என்றேன்.

அவள் கவரை வாங்கி முகர்ந்து பார்த்தாள். பிறகு, "ரெண்டுக்குமா வச்சே?" என்றாள்.

"ரெண்டுக்கும்."

"ஒண்ணையாவது விட்டிருக்கக் கூடாதா?"

"ஒண்ணுக்கு வச்சுட்டு இன்னொண்ணுக்கு வைக்காம எப்படி விடறது?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். சனிக்கிழமை அந்தப் பத்து வரியை நினைவிலிருந்து எழுதினாள். முன்பு எழுதியது இதைவிட நன்றாக இருந்தது என்று இப்போதும் சொல்கிறாள். திங்கட்கிழமை ரிப்போர்ட்டைக் கொடுத்தாள்.

அந்த வேலையில் நான் கற்றது இவ்வளவுதான். மெஷின் படிக்கவில்லை என்றால் உடனே நிறுத்த வேண்டும். திரும்பத் திரும்பப் போடப் போட நஷ்டம் கூடும். இரண்டு காப்பி ஒரே கவரில் இருந்தால் அது ஒரு காப்பிதான். அந்தக் கவர் என்னைப் போல ஒருவன் கைக்கு எட்டினால் அதுவும் இல்லை.

ரிப்போர்ட் கொடுப்பதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, சுகுணா மூன்றில் ஒன்றை என்னிடம் கொடுத்து, "இதை நம்ம வீட்ல வைக்காதே அண்ணா" என்றாள். பழைய நகரத்தில் ஜாஃபர் பாய் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் வெளியே போயிருந்தார். அவருடைய அம்மாதான் கதவைத் திறந்தார். கவரை வாங்கித் திருப்பிப் பார்த்து, உள்ளே என்ன என்று உருதுவில் கேட்டார். ஃபிளாப்பி என்று சொன்னால் அவருக்கு என்ன தெரியும்? எனக்கே சரியாகத் தெரியாது.

"என் தங்கச்சியோட ஒரு வருஷம்" என்றேன், எனக்குத் தெரிந்த உருதுவில்.

அவர் பீரோவைத் திறந்து, துணிகளுக்கு நடுவே இடம் பண்ணி, அங்கே கிடந்த இரண்டு நாப்தலின் உருண்டைகளை எடுத்து எட்ட வைத்துவிட்டு, கவரைப் படுக்க வைத்துப் பூட்டினார்.