இரண்டு பக்கம் இல்லாத புகார்

சமாதானம் ஸ்டேஷனுக்குள் நுழைந்தாலே சண்டைக்காரர்களுக்குப் பாதிக் கோபம் இறங்கிவிடும். தலைமைக் காவலராக இருந்த அந்த அம்மாளுக்கு அப்படி ஒரு கைராசி. மாடிவீட்டுத் துணி கீழ்வீட்டுக்காரர் தலையில் சொட்டுகிறது, எதிர்வீட்டு டி.வி. காதைக் கிழிக்கிறது, யார் குப்பை யார் வாசலில் என்று எந்தப் புகார் வந்தாலும் இன்ஸ்பெக்டர் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். "சமாதானத்துகிட்ட போங்க" என்று கையைக் காட்டிவிடுவார். அந்தப் பட்டப்பெயரை யார் வைத்தார்களோ, அவர்கள் வாய்க்குச் சர்க்கரை போடலாம். அவ்வளவு பொருத்தம்.

அவர் வேலை செய்கிற முறையே தனி. ஸ்டேஷன் சுவரோரம் ஒரு குட்டை பெஞ்சு கிடக்கும். இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்காலோடு முழங்கால் இடிக்கும். சண்டைக்காரர்கள் இருவரையும் அதில் உட்காரவைத்து, ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்து, "குடிச்சு முடிக்கிற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்பார். அதற்கப்புறம்தான் வேடிக்கை. ஒருவர் மற்றவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும்.

"இத்தனை வருஷம் பக்கத்துல இருக்கீங்க. ஒண்ணுகூடவா தேறாது?"

முறைப்பார்கள். கூரையைப் பார்ப்பார்கள். கடைசியில் "எங்கம்மா கீழ விழுந்தப்போ இவருதான் ஆட்டோ பிடிச்சாரு" என்று ஒருவர் முனகுவார். அவ்வளவுதான், மற்றவர் கண் கலங்கிவிடும். கைகுலுக்க வைத்து அனுப்பிவிடுவார். பஸ் ஓட்டுகிற அவர் வீட்டுக்காரர் மட்டும் கேலி செய்வார். "வீட்டுல ஏன் இந்த பெஞ்சைப் போட மாட்டேங்குற?" சமாதானம் விடுவாரா? "உங்களைப் பத்தி நல்லதா ஒண்ணு யோசிக்கிறதுக்குள்ள டீ ஆறிடுங்க!"

போலீஸ் என்றாலே லத்திதான் என்று பழகிப்போனவர்கள் மத்தியில், டீயை வைத்துச் சண்டை தீர்த்த அம்மாளை ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடியது. அவருக்கும் அதில் பெருமைதான். இருக்காதா பின்னே?

அந்தப் பெருமைக்குத்தான் ஒரு நாள் சோதனை வந்தது. வந்தவர் டெலிபோன் அக்கா.

மருத்துவமனையில் போன் எடுக்கிற வேலை அவருக்கு. பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் ஒரு தரம் பேசிய குரலை மறுபடி கேட்டால், "தம்பி, அப்பாவுக்குத் தையல் பிரிச்சாச்சா?" என்று கேட்பார். அம்மாவும் அப்பாவும் விட்டுப்போன தரைத்தள வீட்டில், தன் சமையல், தன் துவையல், தன் ரேடியோ என்று யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தவர். பக்கத்து வீட்டில் ஒரு வீட்டு புரோக்கர். அக்காவின் வீட்டையும் வாங்கி, நடுச்சுவரை இடித்து, ஒன்றாக்கிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அக்கா தரமாட்டேன் என்றார். அன்றிலிருந்து ஆரம்பம்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடைபாதையில் ஒரு வாளி. மறுநாள் ஒரு ஸ்டூல். இன்னொரு நாள் துணிக்கொடி கழுத்து உயரத்துக்கு இறங்கியிருந்தது. அக்கா புகார் கொடுக்க வந்தபோதெல்லாம், "வாளிக்கெல்லாம் கேஸ் போட முடியாதும்மா" என்று காவலர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கண் இருக்கிறவனுக்கு வாளி வெறும் வாளிதானே! கடைசியில் அக்கா பிடிவாதமாக நின்றதும் சமாதானத்தின் மேசைக்கு அனுப்பினார்கள்.

சமாதானம் வழக்கம்போல இருவரையும் கூப்பிட்டார்.

"நான் இவர் பக்கத்துல உட்கார மாட்டேன், மேடம்" என்றார் அக்கா.

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க, அக்கா. உட்காருங்க, நான் இருக்கேன்ல?" என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தார். புரோக்கர் தேன் ஒழுகப் பேசினார். "அக்கா எனக்குக் கூடப்பிறந்தவங்க மாதிரி, மேடம். பொது நடை, எல்லாரும் சாமான் வைக்கிறதுதான். பாவம், கண்ணு தெரியாததால வேணும்னு பண்றோம்னு தோணுது. நான் தப்பா எடுத்துக்கல."

டீ முடிந்தது. நல்லதாக ஒன்று சொல்ல வேண்டிய கட்டம். அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இவர் நடந்தா செருப்பு சத்தமே கேக்காது."

சமாதானம் சிரித்துவிட்டார். ஸ்டேஷனே சிரித்தது. கைகுலுக்கல் முடிந்து, இருவரையும் வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சில வாரங்கள் கழித்து ஒரு விபத்து விஷயமாக மருத்துவமனைக்குப் போன் போட்டார். வேறு யாரோ எடுத்தார்கள். அக்கா எங்கே என்று கேட்டதற்கு, "கை உடைஞ்சு லீவுல இருக்காங்க" என்று பதில் வந்தது. போனை வைத்த கையோடு சமாதானம் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

கதவைத் திறந்த அக்கா உள்ளே வரச் சொல்லவில்லை. மணிக்கட்டில் மாவுக்கட்டு.

"எப்படி விழுந்தீங்க, அக்கா?"

"வாசல்ல காலி சிலிண்டரைப் படுக்க வச்சிருந்தாங்க. கால் வச்சேன், உருண்டுடுச்சு."

"உடனே எங்ககிட்ட வந்திருக்கலாமே?"

"வந்து? மறுபடியும் டீ குடிச்சு, அவரைப் பத்தி நல்லது சொல்லவா?"

அக்கா விடவில்லை.

"அன்னிக்குக் கைகுலுக்கச் சொன்னீங்களே, என் விரலை நெரிச்சாரு, மேடம். நீங்க எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தீங்க. செருப்பு சத்தம் கேக்காதுன்னு சொன்னேன், சிரிச்சீங்க. அவர் சத்தமில்லாம என் வாசல்ல வந்து நிக்கிறாரு. நான் துணி மடிக்கிறப்போ, சாப்பிடுறப்போ. மூச்சு மட்டும் கேக்கும். யாருன்னு கேட்டா பதில் வராது. அவர் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு அதை வேற எப்படிச் சொல்றது?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது சமாதானத்துக்கு. அக்கா தண்ணீர் எடுக்க உள்ளே திரும்பினார். பிறந்து வளர்ந்த சொந்த வீடு. அதற்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு, கால் விரலால் தரையைத் துழாவித் துழாவி, பயந்து பயந்து நடந்தார். அதைப் பார்த்ததும் சமாதானத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வீட்டை அவருக்கே எழுதிக் கொடுத்துட்டு ஹாஸ்டலுக்குப் போறேன். வர்ற வாரம் கையெழுத்து" என்றார் அக்கா, உள்ளேயிருந்தபடியே.

"எனக்கு ஒரு நாள் குடுங்க, அக்கா. ஒரே ஒரு நாள்."

"எதுக்கு?"

"நான் பண்ணின தப்பை நானே திருத்தணும்."

மறுநாள் லீவு போட்டுவிட்டு, சாதாரணப் புடவையில், அக்காவின் வீட்டில் திறந்த கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூச்சைக்கூட இழுத்துப் பிடித்து விட்டார். "எனக்குக் கேக்குது" என்றார் அக்கா, துணி மடித்துக்கொண்டே. "ஆனா அவருக்குக் கேக்காது. அவர் காது கொடுத்துக் கேக்கிற ஆளில்ல." அத்தனை பயத்திலும் அந்த அம்மாளுக்கு வாய் மட்டும் குறையவில்லை, பாருங்கள்.

மத்தியானம் அவர் வந்தார். செருப்பு கையில்! நிலையில் சாய்ந்து நின்று, அக்கா துணி மடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சினிமா பார்க்கிறவர்போல, எந்த அவசரமும் இல்லை. அக்காவின் கை ஒரு கணம் நின்றது. "யாரு?" என்றார். பதில் இல்லை. பிறகு புரோக்கர் பூனைபோல உள்ளே வந்தார். சுவரில் சாய்த்திருந்த அக்காவின் கைத்தடியை எடுத்து எதிர்மூலையில் வைத்தார். ஸ்டூலைத் தூக்கி, அக்கா திரும்பினால் சரியாகக் காலில் இடறும்படி பின்னால் படுக்க வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன சார், சௌக்கியமா?"

புரோக்கர் முகத்தில் ஈயாடவில்லை. "அது... ஸ்டூல் விழுந்து கிடந்துச்சு, எடுத்து வைக்கலாம்னு..."

"கையில செருப்பு இருக்கே சார், அதுவும் விழுந்து கிடந்துச்சா?"

அக்கா சிரித்தார். எத்தனையோ நாளைக்கப்புறம் அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் சலித்துக்கொண்டார். "இதுக்கெல்லாம் எதுக்கு கேஸு? ஆளு எல்லாருக்கும் வேண்டியவரு. உன் வழியிலேயே முடிச்சு விடு. ரெண்டு டீ சொல்லவா?"

"வேணாம், சார்."

"என்னம்மா இது? ரெண்டு பக்கமும் கேக்கணும்னு நீதானே சொல்லுவ?"

"இதுல ரெண்டு பக்கம் இல்ல, சார். ஒருத்தர் பண்றாரு, ஒருத்தங்க படுறாங்க. சண்டைன்னு நினைச்சு நான்தான் ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சுல உட்கார வச்சேன். போலீஸே நம்ம பக்கம்னு அவருக்குத் தைரியம் வந்ததே அன்னிக்குத்தான்."

"அப்போ நீ சமாதானம் பேசினதே தப்புன்னு எழுத வேண்டி வரும். மேலிடத்துக்குப் போகும். இத்தனை வருஷமா எடுத்த பேரு போயிடும், யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டேன், சார். என் பேரு போனா போகட்டும். அவங்க வீடு போகக் கூடாது."

சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஊர் கொடுத்த பெயரை ஊர் நடுவில் நின்று உதறுவதற்கு எத்தனை பேருக்கு மனசு வரும்? சண்டை தீர்த்ததற்காக அவரை மெச்சியவர்கள் இதற்கல்லவா மெச்சியிருக்க வேண்டும்!

வாளி, ஸ்டூல், கொடி, சிலிண்டர் என்று தனித்தனியாகப் பார்த்தபோது ஒன்றுமில்லை என்று தள்ளிய எல்லாவற்றையும் ஒரே புகாராகச் சேர்த்துப் பதிந்தார். மாடிக்கு ஏறிப்போய்க் கதவு கதவாகத் தட்டினார். கொடியை இறக்கிக் கட்டியதைப் பார்த்த மாடிவீட்டம்மா, "எதுக்கு வம்புன்னு இருந்துட்டேன்" என்று தலைகுனிந்தார். சமாதானம் கோபப்படவில்லை. "நானும்தாம்மா அப்படி இருந்தேன். இப்போ வாங்க" என்றார். அந்த அம்மா வந்து சாட்சி சொன்னார். புரோக்கர் அக்கா வீட்டுப் பக்கமே வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டது. அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். சமாதானத்துக்கு மேலிடத்திலிருந்து கண்டிப்பும் வந்தது. வாங்கி வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் எந்தப் புகார் வந்தாலும், யாரையும் யார் பக்கத்திலும் உட்கார வைப்பதற்கு முன்னால், தனியாக வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வருவார்.

மாவுக்கட்டுப் பிரித்த பிறகு ஒரு சாயங்காலம் அக்காவைப் பார்க்கப் போனார். மருத்துவமனை வேலை முடிந்து அக்கா அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தார். நடைபாதையின் முனையிலேயே சமாதானம் கையை நீட்டினார்.

"பிடிச்சுக்கோங்க, அக்கா. மெதுவா வாங்க."

அக்கா கைத்தடியை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். சுவரைத் தொடவில்லை. நீட்டிய கையையும் தொடவில்லை. விடுவிடுவென்று நடந்தார். பூட்ஸ் காலோடு சமாதானம் ஓடித்தான் எட்டிப்பிடிக்க வேண்டியிருந்தது.

"அய்யோ, மெதுவா அக்கா!"

"என் வீட்டுக்குப் போறதுக்கு நான் எதுக்கு தங்கச்சி மெதுவா நடக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே, நின்று தடவிப் பார்க்காமல், அக்கா சாவியை நேராகப் பூட்டில் நுழைத்தார்.